மாளிகை மதிலும் சாக்கடை நீரும்

கள்வரைத் தடுக்கக் காவலன் உண்டு. பகைவரைத் தடுக்க மதில் உண்டு. நோயைத் தடுக்க எது உண்டு? விக்டோரியா அரசியின் காலத்தில் இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் இவ்வினாவுக்கு விடை தேடினர். அந்த விடை எளிதில் கிட்டவில்லை.

பிரபுவின் பண்ணை ஒரு சிற்றரசு போன்றது. நடுவே மாளிகை, அருகில் குதிரை லாயமும் பால்பண்ணையும், அப்பால் உழவரின் சிறு வீடுகள். அம்மையோ செங்காய்ச்சலோ கண்டால், நோயாளியைத் தனியறையில் வைப்பர். வாயிலில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைத் தொங்கவிடுவர். குழந்தைகளை வேறிடம் அனுப்புவர். விருந்தினர் வருகையை நிறுத்துவர். இவை யாவும் நோய் வெளிப்பட்ட பின் செய்யும் காவல். நோய் புகும் வழியோ தரைக்கடியில், ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது.

1861-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், அரசியின் கணவர் ஆல்பர்ட் விண்ட்ஸர் கோட்டையில் காலமானார். அவரைக் கொண்டது டைபாய்டு என்றே அன்றைய மருத்துவர்கள் கூறினர். பத்தாண்டுகள் கழிந்தன. 1871-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருடைய மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், ஸ்கார்பரோ நகரில் லண்டஸ்பரோ பிரபுவின் மாளிகையில் விருந்துண்டு தங்கினார். நார்ஃபோக் மாவட்டத்திலுள்ள தம் ஸாண்ட்ரிங்ஹாம் பண்ணைக்குத் திரும்பியதும் டைபாய்டில் வீழ்ந்தார். அதே விருந்தில் இருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு டிசம்பர் 1-ஆம் நாள் இறந்தார். இளவரசரின் குதிரைக்காரர் பிளெக் என்பவரும் அதே மாதத்தில் அதே காய்ச்சலுக்கு இரையானார். தந்தையின் நினைவு நாளிலேயே மகனும் மாள்வாரோ என நாடே அஞ்சியிருந்தபோது, அந்நாளில்தான் இளவரசர் உடல் தேறத் தொடங்கினார்.

பிரபு, குதிரைக்காரர், இளவரசர் என மூவரையும் ஒரே நோய் தீண்டியது. குலம் பார்த்து அது தயங்கவில்லை. ஸ்கார்பரோ மாளிகையின் கழிவுநீர்க் குழாய்களையே பலரும் குறை கூறினர். ஆயினும், தீய நாற்றமே நோய்க்கு வித்து என்னும் நம்பிக்கை அன்று வலுவாக இருந்தது. ஸாண்ட்ரிங்ஹாமுக்கு வந்த கேம்பிரிட்ஜ் கோமகன் அறை அறையாக மோந்து பார்த்து, சாக்கடை நாற்றத்தைத் தேடி அலைந்தாராம்.

உண்மையை முன்னரே கண்டவர் ஒரு நாட்டுப்புற மருத்துவர். வில்லியம் பட் என்பவர் 1839-ஆம் ஆண்டு டெவன் மாவட்டத்தில் தம் சொந்த ஊரில் இக்காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொடர்ந்து சென்றதைக் கூர்ந்து நோக்கினார். நோயாளியின் கழிவு குடிநீரில் கலப்பதால் அது பரவுகிறது என்பது அவர் முடிவு. அவரது நூல் 1873-ல் வெளிவந்தது. நோய்க்கிருமியை எபெர்த் என்னும் ஜெர்மானியர் 1880-ல் கண்டறிந்தார்.

இதனிடையே செல்வர்கள் தம் வீட்டுக் குழாய்களைத் தோண்டிப் பார்க்கலாயினர். லீட்ஸ் நகர மருத்துவர் டீல், வீட்டுச் சாக்கடையின் குறைகளைப் படங்களால் விளக்கி 1878-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் சாக்கடைகளைச் சோதிக்கும் அதிகாரத்தை ஊராட்சி அமைப்புகளுக்கு அளித்தது. தொற்றுநோய் கண்ட வீட்டார் அதனை மறைக்காது அறிவிக்க வேண்டுமென 1889-ல் மற்றொரு சட்டம் பிறந்தது. மறைத்துக் காத்த மானத்தைவிட அறிவித்துக் காத்த உயிர் பெரிதெனச் சமுதாயம் உணரத் தொடங்கியது.

உயிர் பிழைத்த இளவரசர் 1875 டிசம்பரில் நம் சென்னைக்கும் வந்து சென்றார். 1884-ல் ஏழைத் தொழிலாளரின் வீட்டுவசதியை ஆராய அமைந்த அரசாங்கக் குழுவில் உறுப்பினராகி, இலண்டனின் சேரிகளை மாறுவேடத்தில் சென்று கண்டார். தம் பண்ணை உழவருக்கும் நல்ல வீடுகள் கட்டுவித்தார்.

மதில் மனிதரைப் பிரிக்கும். மதிலின் கீழ் ஓடும் நீர் அவர்களை ஒன்று சேர்க்கும். குதிரைக்காரர் அருந்தும் நீர் தூயதாக இல்லாத வரை, கோமகன் அருந்தும் நீரும் தூயதன்று. இதனை அறிய ஒரு நாடு தந்த விலை சிறிதன்று.