ஐந்தாவது லிட்டர்

பார்வைக்கு அது சாதாரண பிளாஸ்டிக் பாட்டில். கொள்ளளவு ஒரு லிட்டர். காலிப் பாட்டிலாக வீட்டுக்கு வரும். வீட்டுக்காரர் தண்ணீர் பிடித்து வைத்தால், மறுநாள் ஆய்வகத்துக்குப் போகும். அமெரிக்காவில் குடிநீரில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு 1991 முதல் இந்தப் பாட்டிலின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

மற்ற நஞ்சுகள் பலவற்றைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே மாதிரி எடுத்துக் கண்டுபிடித்துவிடலாம். காரீயத்தை அப்படிப் பிடிக்க முடியாது. நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீரில் அது அநேகமாக இருப்பதில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாய், பற்றவைத்த மூட்டு, பழைய பித்தளைத் திருகு என்று கடைசிச் சில கஜ தூரத்தில்தான் அது தண்ணீரோடு சேர்கிறது. அதனால் சோதனையும் சமையலறைவரை வந்தாக வேண்டும். மாதிரி எடுக்கும் வேலையை அந்த வீட்டாரிடமே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

1991-ன் விதி கேட்பதற்கு எளிமையானது. குறைந்தது ஆறு மணி நேரம் வீட்டில் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது. பிறகு திறந்ததும் வரும் முதல் லிட்டரைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். இராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீர் அது; குழாயிலிருந்து கரைந்தது எதுவோ அதில் இருக்கும். இப்படி ஊரெங்கும் சேர்ந்த பாட்டில்களின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துவார்கள். நூறு பாட்டில் என்றால் தொண்ணூறாவது இடத்தில் நிற்பதுதான் ஊரின் எண். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். மக்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

அந்தப் பாட்டிலின் வாழ்க்கையில் பெரிய சோதனை மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். தொழில் தேய்ந்து, நகராட்சி கடனில் விழுந்து, மாநில அரசு நியமித்த நெருக்கடிகால நிர்வாகியின் கையில் இருந்தது. டெட்ராய்டிடமிருந்து விலைக்கு வாங்கிவந்த ஹூரான் ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, புதிய குழாய்த் திட்டம் முடியும்வரை ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் கொடுப்பது என்று செலவைக் குறைக்க முடிவானது. 2014 ஏப்ரல் 25 அன்று மாற்றினார்கள்.

டெட்ராய்டுத் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். காரீயக் குழாயின் உட்சுவரில் அது மெல்லிய படிவத்தை உண்டாக்கி, உலோகம் தண்ணீரைத் தொடாமல் காக்கும். ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம், அரிக்கும் குணமும் அதிகம். அப்படியிருந்தும் அரிப்பைத் தடுக்கும் மருந்து எதையும் ஃபிளின்டில் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாக ஒட்டியிருந்த படிவம் உரிய ஆரம்பித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்றது. உதிரிப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்பது காரணம். வீடுகளில் பழுப்புத் தண்ணீர் வந்தது. தோலில் தடிப்பு என்று மக்கள் புகார் சொன்னார்கள்.

ஆனால் பாட்டில்கள் வேறு கதை சொல்லின. 2014-ன் பிற்பாதியில் சேர்ந்த நூறு மாதிரிகளில் ஊரின் எண் 6 என்று வந்தது. எல்லையான 15-க்கு வெகு கீழே.

இந்த முரணுக்கு விடை பாட்டில் நிரம்பிய விதத்தில் இருந்தது. வீட்டாருக்குக் கொடுத்த செய்முறைத் தாளில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: முந்தைய இரவு குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, பிறகு தண்ணீரைத் தேங்க விடுங்கள். குழாயில் தளர்ந்து கிடந்த காரீயத் துகள்கள் அந்த ஓட்டத்திலேயே கழுவுத்தொட்டி வழியாகப் போய்விடும். சர்க்கரைச் சோதனைக்கு நாலு நாள் முன்னால் மட்டும் இனிப்பை நிறுத்துகிறவர்களுக்கு வருகிற மாதிரி, காலையில் பாட்டிலுக்கு நல்ல எண் வரும். குழாய் முனையில் திருகியிருக்கும் சல்லடையைக் கழற்றிவிடச் சொல்வதும், வாய் குறுகிய பாட்டிலைக் கொடுப்பதும் இதே வகைதான். சல்லடையில் தங்கிய துகள் பாட்டிலுக்கு வராது. வாய் குறுகினால் தண்ணீரை மெல்லத் திறக்க வேண்டும். மெல்ல ஓடும் நீர் குழாய்ச் சுவரைச் சுரண்டுவதில்லை. இந்தத் தந்திரங்கள் ஃபிளின்டோடு நிற்கவில்லை. 17 மாநிலங்களில் குறைந்தது 33 நகரங்களில் இப்படிப்பட்ட முறைகள் புழங்கியதை 2016-ல் கார்டியன் நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது.

பாட்டில் எந்த வீட்டுக்குப் போனது என்பது அடுத்த கேள்வி. காரீய இணைப்புள்ள வீடுகளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. ஃபிளின்டில் எந்த வீட்டுக்கு என்ன குழாய் என்ற விவரம் சுமார் 45,000 அட்டைகளில் கையால் எழுதிக் கிடந்தது. காரீயக் குழாய் இல்லாத வீடுகளின் பாட்டில்களும் ஊரின் கணக்கில் ஏறி, ஊரின் எண்ணைத் தேற்றிக் காட்டின.

ஆய்வகத்தில் மட்டும் பாட்டிலுக்கு நேர்மையான விசாரணை நடந்தது. முதலில் நைட்ரிக் அமிலம் ஊற்றுவார்கள். பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிய காரீயமும் கரைந்து நீரில் சேர வேண்டும் என்பதால் குறைந்தது பதினாறு மணி நேரம் அப்படியே வைப்பார்கள். பிறகு நீரைத் தூவானமாக்கி, ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எரியும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செலுத்துவார்கள். அங்கே அணுக்கள் மின்னூட்டம் பெறும். கருவி அவற்றை எடை வாரியாகப் பிரித்து எண்ணும். 206, 207, 208 ஆகிய எடைகளில் வருவது காரீயம். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே பார்க்கக்கூடிய கருவி அது. தன்னிடம் வந்து சேராத தண்ணீரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

2015 பிப்ரவரியில் லீஆன் வால்டர்ஸ் என்பவர் வீட்டில் நகராட்சி பிடித்த பாட்டில் 104 காட்டியது. மார்ச்சில் இன்னொன்று 397. வீட்டுக்குள் இருக்கும் பழைய குழாய்தான் காரணம் என்று சொல்ல வழியில்லை. உள்ளே ஓடியது முழுக்கப் பிளாஸ்டிக் குழாய். நஞ்சு தெரு இணைப்பிலிருந்து வந்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சிகாகோ அலுவலகத்தைச் சேர்ந்த மிகெல் டெல் டோரல் அந்த வீட்டை ஆராய்ந்தார். ஏப்ரலில் அங்கே முப்பது பாட்டில் பிடித்து, முன்கூட்டித் திறந்துவிடாமல், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றுகூட 200-க்குக் கீழே இல்லை. உச்சம் 13,000-ஐத் தாண்டியது. கழிவுநீரில் 5,000 இருந்தாலே அபாயக் கழிவு என்று அதே முகமை வகைப்படுத்துகிறது. திறந்துவிடும் வழக்கம் உண்மையான அளவை மறைக்கிறது என்று ஜூன் 24 தேதியிட்ட உள்குறிப்பில் டெல் டோரல் எழுதினார்.

அதே சமயத்தில் பாட்டிலின் எண்கள் அட்டவணைக்கு ஏறிக்கொண்டிருந்தன. 2015-ன் முதல் ஆறு மாதத்தில் 71 மாதிரிகள். அப்படியே கணக்கிட்டால் ஊரின் எண் 15-ஐத் தாண்டும். மாநில அதிகாரிகள் இரண்டு பாட்டில்களை நீக்கச் சொன்னார்கள். ஒன்று வால்டர்ஸின் 104. வீட்டில் ஃபில்டர் பொருத்தியிருந்தது காரணமாகக் காட்டப்பட்டது. இன்னொன்று குடியிருப்பு அல்லாத கட்டடத்திலிருந்து வந்தது. 69 ஆனதும் ஊரின் எண் 11. இரண்டு வரிகளை அடித்ததில் ஒரு நகரத்தின் தண்ணீர் காகிதத்தில் குடிக்கத் தகுந்ததாகிவிட்டது.

அந்த ஆகஸ்டில் பாட்டில் மக்கள் கைக்குப் போனது. வர்ஜீனியா டெக்கின் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ், 2000-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரத்துக் காரீயச் சிக்கலை வெளிக்கொண்டு வந்தவர். அவருடைய குழு 300 பெட்டிகளை அனுப்பியது. ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில்: குழாயைத் திறந்ததும் ஒரு லிட்டர், 45 விநாடி ஓடவிட்டு அரை லிட்டர், இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கடைசியாக ஒரு சின்ன பாட்டில். குழாயின் எந்தப் பகுதியிலிருந்து காரீயம் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கான ஏற்பாடு இது. ஊர் மக்களே வீடு வீடாகப் பெட்டிகளைக் கொடுத்து வாங்கினார்கள். 250-க்கும் மேற்பட்டவை நிரம்பித் திரும்பின. ஊரின் எண் 25-க்கும் மேல் வந்தது.

செப்டம்பர் 24 அன்று ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா இரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். இரத்தத்தில் காரீயம் கூடியிருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. பாட்டில்களை மறுத்தவர்களால் இதை வெகுநாள் மறுக்க முடியவில்லை. அக்டோபர் 16-ல் டெட்ராய்டுத் தண்ணீர் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு பாட்டிலின் விதியும் மாறியது. 2016 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது: முந்தைய இரவு திறந்துவிடச் சொல்லாதீர்கள், சல்லடையைக் கழற்றச் சொல்லாதீர்கள், வாய் அகன்ற பாட்டிலைக் கொடுங்கள். பெரிய மாற்றம் பிறகு வந்தது. காரீய இணைப்புள்ள வீடுகளில் முதல் லிட்டரோடு ஐந்தாவது லிட்டரையும் பிடிக்க வேண்டும். இரண்டில் எது கூடுதலோ அதுவே கணக்கு. முதல் லிட்டர் பெரும்பாலும் சமையலறைக் குழாயும் உள்குழாயும் தேக்கிய தண்ணீர். தெரு இணைப்பில் இரவெல்லாம் நின்ற தண்ணீர் வந்து சேர, நாலைந்து லிட்டர் ஓட வேண்டும். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாட்டில் நிரம்பி மூடிய பிறகுதான், தேட வேண்டிய தண்ணீர் குழாய்க்கு வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் இறுதியான விதி எல்லையை 15-லிருந்து 10 ஆக்கி, காரீய இணைப்புகளைப் பத்தாண்டில் தோண்டி எடுக்கவும் சொன்னது. ஃபிளின்டில் ஏறத்தாழ 11,000 இணைப்புகளை மாற்றி முடித்தது 2025-ல்.

இந்தப் பயணத்தில் கருவி ஒருமுறையும் தவறு செய்யவில்லை. தவறுகள் எல்லாம் பாட்டில் ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பும், வெளியே வந்த பின்பும் நடந்தவை. எந்த ஊரானாலும், குடிநீர் பாதுகாப்பானது என்று ஓர் எண்ணைக் காட்டினால், நிபுணர் அல்லாதவரும் நாலு கேள்வி கேட்கலாம்: எந்த வீட்டுக் குழாய், தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்கியிருந்தது, எத்தனையாவது லிட்டர், எந்தப் பாட்டில்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. விடை இல்லாத எண்ணை நம்பிக் குடிக்க வேண்டியதில்லை.