திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரப் போக்குவரத்து வரலாறும் குடிமக்கள் கோரிக்கைகளும்

திருவள்ளூர் மாவட்டத்தின் பொதுப் போக்குவரத்து பெரிதும் சென்னையிலிருந்து விரியும் இரண்டு இருப்புப்பாதைகளைச் சார்ந்தது. ஒரு பாதை மேற்கே திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கும், மற்றொன்று வடக்கே கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூருக்கும் செல்கிறது. மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் முதல் பாதையில் உள்ளது. மாவட்டத்தின் வட எல்லையில் அமைந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இரண்டாம் பாதையில் உள்ளது. இவ்விரு ஊர்களையும் நேரடியாக இணைக்கும் ரயில் பாதை இல்லை. ரயில், பேருந்து, சாலை ஆகிய மூன்றும் தனித்தனி அமைப்புகளின் பொறுப்பில் இருப்பதால், இவ்வட்டார மக்கள் தங்கள் பயணக் குறைகளை ஒரே இடத்தில் முறையிட முடியாத நிலை நெடுங்காலமாக உள்ளது. இந்நிலை உருவான வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

இருப்புப்பாதைகளின் வருகை

ரயில் வருவதற்கு முன் சென்னையின் வடபகுதிக்கு நீர்வழியும் கொல்கத்தா செல்லும் வடக்குப் பெருஞ்சாலையும் முதன்மை வழிகளாக இருந்தன. 1806இல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர் வடக்கே நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் படகுகளில் சென்னைக்கு வந்தன.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு இயக்கப்பட்டது. சென்னை ரயில்வே நிறுவனம் அமைத்த இப்பாதை திருவள்ளூர் வழியாகச் சென்றது. இதனால் திருவள்ளூர் நாட்டின் பழைய ரயில் ஊர்களுள் ஒன்றாயிற்று. கும்மிடிப்பூண்டி வழியான வடக்குப் பாதை இதற்கு 40 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1899இல் விசயவாடா – சென்னை இணைப்பு முடிந்தது.

இரு பாதைகளும் தொலைதூரப் பயணத்துக்கும் சரக்குக்குமாகவே அமைக்கப்பட்டன. உள்ளூர் மக்களின் அன்றாடப் பயணம் அவற்றின் நோக்கமாக இல்லை. இரண்டும் சென்னையில் கூடுமாறு அமைந்ததால், இடைப்பட்ட பெரியபாளையம், ஊத்துக்கோட்டை போன்ற ஊர்கள் சாலையை மட்டுமே நம்பியிருந்தன. இன்றும் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் செல்ல விரும்புபவர், ஏறத்தாழ 48 கி.மீ. தெற்கே சென்னைக்கு வந்து, வண்டி மாறி, மீண்டும் 42 கி.மீ. மேற்கே செல்ல வேண்டும்.

எல்லை மாற்றம்

மாநில எல்லை வகுக்கப்பட்டதும் இவ்வட்டாரத்தின் போக்குவரத்தைப் பாதித்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த காலத்தில், திருத்தணி உள்ளிட்ட பகுதிகளைத் தமிழகத்துடன் சேர்க்கக் கோரி ம. பொ. சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதே ஏற்பாட்டில் சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது.

கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலுள்ள சத்தியவேடு அதன்பின் வேறு மாநிலத்தின் பேருந்து நிர்வாகத்தின்கீழ் வந்தது. பிற்காலத்தில் சத்தியவேடு, தடா பகுதியில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் உருவானபோது, கும்மிடிப்பூண்டி வட்டத்திலிருந்து அங்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்க வேண்டியதாயிற்று.

தொழிற்பேட்டைகள்

விடுதலைக்குப் பின் இரு பாதைகளின் ஓரமாகத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. வடக்குப் பாதையில் எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. மேற்குப் பாதையில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இலும் அமைந்தன. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று.

1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் கும்மிடிப்பூண்டி வளாகம் தேசிய நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி அமைந்தது. இரும்பு உருக்கு ஆலைகள், வேதிப்பொருள் ஆலைகள், வாகன உதிரிபாக ஆலைகள் அங்கு வந்தன. பின்னர் கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு உட்பட்ட தேர்வாய் கண்டிகையில் மற்றொரு சிப்காட் பூங்கா உருவாக்கப்பட்டது. அங்கு டயர் ஆலை அமைக்க 2009இல் பிரான்சின் மிஷெலின் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. மேய்ச்சல் நிலமும் காடும் பறிபோவதாகக் கூறி அவ்வூர் மக்கள் இத்திட்டத்தை எதிர்த்தனர்.

தேர்வாய் கண்டிகை ரயில் பாதையிலிருந்து விலகியுள்ள பகுதி. இத்தகைய இடங்களில் பெரிய ஆலைகள் தம் பணியாளர்களுக்குத் தனி வாகனங்களை இயக்குகின்றன. அவ்வசதி இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்களும் சிற்றாலைப் பணியாளர்களும் மின்சார ரயில், பேருந்து, ஷேர் ஆட்டோ ஆகியவற்றை மாறி மாறிப் பயன்படுத்துகின்றனர். ஆலைகளில் இரவுப் பணி முடியும் நேரத்துக்கும் கடைசி வண்டி அல்லது முதல் வண்டியின் நேரத்துக்கும் உள்ள இடைவெளி, அவர்களுக்கு உறக்கமின்றிக் காத்திருக்கும் நேரமாகிறது.

மின்சார ரயில்

சென்னையின் தெற்குப் புறநகரில், கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதையில் 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வடக்கும் மேற்கும் இதற்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தன. 1979 ஏப்ரலில் கும்மிடிப்பூண்டி வரையிலும், அதே ஆண்டு நவம்பரில் திருவள்ளூர் வரையிலும் மின்மயமாக்கம் நடந்தது. அதன்பின் மீஞ்சூர், பொன்னேரி, திருநின்றவூர் போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்குச் சென்று வேலை பார்த்துத் திரும்புவது எளிதாயிற்று. குறைந்த கட்டணமும் மாதப் பயணச் சீட்டும் எளிய குடும்பங்கள் நகருக்கு வெளியே குடியேற உதவின.

ஆயினும் இரு பாதைகளின் வசதியும் சமமாக இல்லை. திருவள்ளூர் வரை நான்கு பாதைகள் அமைந்தன. கும்மிடிப்பூண்டித் தடத்தில் அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டு பாதைகளில் விரைவு ரயில்களும், சரக்கு ரயில்களும், மின்சார ரயில்களும் ஓட வேண்டியிருந்தது. விரைவு ரயிலுக்கு வழிவிட மின்சார ரயிலை நிறுத்திவைப்பதும், அதனால் பணிக்குச் செல்வோர் தாமதமடைவதும் இத்தடப் பயணிகளின் முதன்மைக் குறையாக இருந்துவந்துள்ளன. மூன்றாம், நான்காம் பாதைகள் வேண்டும் என்ற கோரிக்கை இதிலிருந்து எழுந்தது.

பேருந்து நிர்வாகம்

1972இல் சென்னை நகரப் பேருந்துகளுக்காகப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1994இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டு, டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து நீக்கப்பட்டன. 2001இல் இரு பிரிவுகளும் மாநகரப் போக்குவரத்துக் கழகமாக மீண்டும் ஒன்றாயின.

மாநகரப் பேருந்துகள் திருவள்ளூர் மாவட்டத்தின் சென்னையை ஒட்டிய பகுதிகளுக்கு ஓடுகின்றன. மாவட்டத்தின் மற்றத் தடங்கள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தைச் சேர்ந்தவை. திருவள்ளூர் அக்கோட்டத்தின் ஒரு மண்டலமாகும். இதனால் ஆந்திர எல்லையிலுள்ள ஒரு கிராமத்துக்குப் புதிய பேருந்து விடும் கோரிக்கை, சென்னையைத் தாண்டித் தெற்கே உள்ள விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திடம் செல்கிறது.

2018 ஜனவரி 20 அன்று பேருந்துக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது மாநிலம் முழுவதும் மாணவர்கள் போராடினர். ஜனவரி இறுதியில் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. ஆலை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் பெண்களின் செலவை இது குறைத்தது. அதே வேளையில், ஒரு தடம் நகரப் பேருந்தா புறநகர்ப் பேருந்தா என்ற வகைப்பாடு பயணியின் செலவைத் தீர்மானிப்பதாயிற்று.

1997: புதிய மாவட்டம்

1997க்கு முன் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதன் தலைமையிடம் காஞ்சிபுரத்தில் செயல்பட்டது. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்ட மக்களுக்கு ஆட்சியர் அலுவலகம் முன்னைவிட அருகில் வந்தது. எனினும் நிர்வாக எல்லை மாறிய அளவுக்குப் போக்குவரத்து வழிகள் மாறவில்லை. வடக்குப் பாதையின் ஊர்களும் மேற்குப் பாதையின் ஊர்களும் ஒரே மாவட்டமாயின. ஆனால் அவற்றின் ரயில்கள் முன்போலவே சென்னையில்தான் சந்தித்தன.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க, கும்மிடிப்பூண்டி வட்டத்தவர் பேருந்து மாறிச் செல்கின்றனர். தினக்கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் ஊதிய இழப்பாகும். பேருந்து இல்லை என்ற குறையைத் தெரிவிப்பதற்கே பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது.

கோரிக்கை வழிகள்

மக்கள் தம் குறைகளைத் தெரிவிக்கப் பல வழிகள் உள்ளன.

முதலாவது கிராம சபை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் நடந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூட்டப்படுகிறது. பேருந்து நிறுத்தம், தெருவிளக்கு, குடிநீர், ஆலைப் புகை, சரக்கு லாரிகளால் சேதமடையும் சாலை ஆகியவை இங்குப் பேசப்படும் பொருள்களாகும். ஆனால் பேருந்தையோ ரயிலையோ இயக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. அதன் தீர்மானம் பரிந்துரையாகவே செல்கிறது.

இரண்டாவது ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள். இவை கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் உள்ளன. நியமிக்கப்பட்ட உறுப்பினர்கள் வழியாகவே பயணிகளின் கருத்து இவற்றை அடைகிறது. மூன்றாவது, முதலமைச்சர் தனிப்பிரிவு போன்ற மாநில அரசின் மனு அமைப்புகள். நான்காவது, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு திட்டம் எந்த நிலையில் உள்ளது என்பதைக் குடிமக்கள் எழுத்தில் கேட்டறிய இச்சட்டம் வழிசெய்தது.

இவ்வழிகள் பயனளிக்காதபோது பயணிகள் மறியலில் இறங்குவதும் உண்டு. மின்சார ரயில் தொடர்ந்து தாமதமாகும் நாள்களில் பணிக்குச் செல்வோர் தண்டவாளத்தில் இறங்கி நிற்பதும், அதிகாரிகள் வந்து பேச்சு நடத்துவதும் இத்தடங்களில் நிகழ்ந்துள்ளன. மறியலால் பின்னால் வரும் ரயில்களில் உள்ள மற்றத் தொழிலாளர்களும் தாமதமடைகின்றனர். பங்கேற்போர் மீது வழக்குப் பதியப்படும் வாய்ப்பும் உண்டு.

உள்ளாட்சி இல்லாத காலம்

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறாததால் தனி அலுவலர்கள் நிர்வாகத்தை ஏற்றனர். திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. அதுவரை கும்மிடிப்பூண்டி போன்ற பேரூராட்சிகளில் வார்டு உறுப்பினர்கள் இல்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

ஒரு தெருவின் குறையை அறிந்து, அதை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லும் உறுப்பினர் இல்லாத காலங்களில் மக்கள் நேரடியாக வட்டாட்சியரையும் ஆட்சியரையும் நாட வேண்டியிருந்தது.

இடையூறுகள் காட்டிய உண்மை

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் புறநகர் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அவை படிப்படியாக மீண்டும் இயக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பொதுமக்களுக்கு நெரிசலற்ற நேரங்களில் மட்டும் அனுமதி அளிக்கப்பட்டது. இத்தளர்வு காலையில் ஆலைக்கோ கடைக்கோ செல்ல வேண்டியவர்களுக்கு முழுமையாக உதவவில்லை.

2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டித் தடத்தில் கவரைப்பேட்டை நிலையத்தில் மைசூரு – தர்பங்கா பாக்மதி விரைவு ரயில், இணைப்புப் பாதையில் நின்ற சரக்கு ரயில்மீது மோதியது. உயிரிழப்பு ஏற்படவில்லை, பலர் காயமடைந்தனர். 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பற்றியது. இரு நிகழ்வுகளிலும் அந்தந்தத் தடத்தில் போக்குவரத்து முடங்கியது. ஒரு பாதை முடங்கினால் மற்றப் பாதையை அடைய மாவட்டத்துக்குள் மாற்று ரயில் வழி இல்லை என்பதை இவை காட்டின.

ஒருங்கிணைப்பு முயற்சிகள்

சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தை அமைப்பதற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ ஆகியவற்றின் திட்டமிடலை ஓரிடத்தில் கொண்டுவருவது இதன் நோக்கம். சட்டம் 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் முதலமைச்சர் தலைமையில் நடந்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கி.மீ.லிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இதனால் பெருநகர்த் திட்டமிடலுக்குள் வந்தது. 2025 செப்டம்பரில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றில் ஒரே பயணச் சீட்டில் செல்ல உதவும் 'சென்னை ஒன்று' செயலி வெளியிடப்பட்டது.

குறுக்கு இணைப்புக்கான திட்டங்களும் உள்ளன. அத்திப்பட்டிலிருந்து புத்தூருக்கு ஏறத்தாழ 88 கி.மீ. நீளப் புதிய ரயில் பாதை 2008–09 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றும் நிறைவேறவில்லை. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே முடியும் சுமார் 133 கி.மீ. சென்னை எல்லைச் சாலைத் திட்டம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செயல்படுத்தப்படுகிறது. இது துறைமுகச் சரக்குப் போக்குவரத்தை நகருக்குள் வராமல் திருப்பிவிடும் நோக்குடையது. அதே வேளையில் வடக்குப் பாதைக்கும் மேற்குப் பாதைக்கும் இடையே நேரடிச் சாலை இணைப்பையும் இது தரும். அச்சாலையில் எந்தக் கழகம், எந்த நேரங்களில், எந்தக் கட்டணத்தில் பேருந்து இயக்கும் என்பதைப் பொறுத்தே கும்மிடிப்பூண்டித் தொழிலாளியும் மனுதாரரும் அதனால் அடையும் பயன் அமையும்.