தண்டவாளம் போன வழி



கிராமத்துப் பழைய பள்ளிக்கூடங்களில் மணிக்குப் பதிலாக ஒரு இரும்புத் துண்டு தொங்கும், பார்த்திருப்பீங்க. அது தண்டவாளத் துண்டு. கிணற்று மேலே மோட்டார் வைக்கக் குறுக்கே போட்ட விட்டம், தோட்டத்து வாசல் தூண், ஆசாரி பட்டறையில் சம்மட்டி அடிக்கக் கீழே வைத்திருக்கிற இரும்பு, இதிலெல்லாம் பழைய தண்டவாளம் உண்டு. இரயில் ஓடாமல் நின்றுபோன பாதையின் இரும்பு எங்கே போகிறது, அது போன பிறகு அந்தப் பாதை என்ன ஆகிறது என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

தென்னிந்தியாவில் முதல் இரயில் 1856ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அந்தக் காலத்தில் தண்டவாளத்தைத் தேனிரும்பில் செய்தார்கள். மெத்தென்ற இரும்பு, சீக்கிரம் தேய்ந்துவிடும். மேல்பக்கம் தேய்ந்தால் புரட்டிப் போடலாம் என்று மேலும் கீழும் தலை வைத்த தண்டவாளமும் வந்தது. ஆனால் அதைத் தாங்கிய வார்ப்பிரும்பு இருக்கை அடிப்பக்கத்தில் பள்ளம் போட்டுவிடும். புரட்டிப் போட்டால் வண்டி கடகடவென்று குலுங்கும். அதே 1856இல்தான் இங்கிலாந்தில் பெஸ்ஸமர் என்பவர் எஃகை மலிவாகச் செய்யும் முறையை வெளியிட்டார். மறு வருஷமே டெர்பி ஸ்டேஷனில் எஃகுத் தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்த இடத்தில் அது பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. பிறகு உலகம் முழுக்க எஃகுக்கு மாறிவிட்டது.

சாதாரணக் கட்டடக் கம்பியைவிடத் தண்டவாளத்தில் கரிச்சத்து இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.  சாதாரணக் கம்பியை என்னதான் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கூர் நிற்காது. தண்டவாள இரும்புக்குத் தோய்ச்சல் கொடுத்தால் இறுகும். கடப்பாரைக்கும் கொழுவுக்கும் ஆசாரிமார் இதைத் தேடுவதற்குக் காரணம் இதுதாங்க.

இப்படிப்பட்ட இரும்பை யாரும் வீணாக விடுவதில்லை. பெரிய லயனில் தேய்ந்த தண்டவாளத்தை எடுத்து, நைந்த முனைகளை வெட்டிவிட்டு, கிளைப் பாதையிலோ கூட்ஸ் நிற்கும் பக்கப் பாதையிலோ போடுவார்கள். அங்கேயும் தேய்ந்தால் பிளாட்பாரக் கூரைக்குத் தூணாகும், கேட்டுக்குக் கம்பமாகும். கடைசியில் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்த ஆலையில் காய்ச்சி, தலை, நடு, அடி என்று மூன்றாகப் பிளந்து கம்பியாகவும் ஆங்கிளாகவும் உருட்டுவார்கள், இல்லாவிட்டால் உருக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள் நடுகிற முள்வேலிக் கம்பங்கள்கூடப் பழைய தண்டவாளத்தை உருட்டிச் செய்தவை உண்டு.

இதெல்லாம் தேய்ந்து கழிந்த இரும்பின் கதை. நல்லா ஓடிக்கொண்டிருந்த பாதையையே பிடுங்கிக்கொண்டு போன கதையும் நம்ம பக்கம் இருக்கிறது.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928இல் மீட்டர் கேஜ் பாதை திறந்தார்கள். நீளம் 90 கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காய்க்குப் போடிதான் சந்தை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சண்டை நடக்கிற நாடுகளில் இரயில் பாதை போட இரும்பு வேண்டும் என்று இந்தியாவில் பல கிளைப் பாதைகளைக் கழற்றினார்கள். 1942இல் போடிப் பாதையையும் மூடித் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள தண்டவாளம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு வரிசைக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 60 டன், 90 கிலோமீட்டருக்கு 5,400 டன் ஆகிறது. சுதந்திரம் வந்த பிறகு, 1953-54இல், புதிதாகத் தண்டவாளம் போட்டு மறுபடி இரயில் விட்டார்கள்.

அதே பாதையை 2010 கடைசியில் அகலப் பாதை போடுவதற்காக இன்னொரு தடவை மூடினார்கள். மீட்டர் கேஜ் தண்டவாளம் போனது. தேனிக்கு 2022லும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் இரயில் வந்து சேர்ந்தது. ஆக, இரண்டு தடவை இரும்பு போயும் இரண்டு தடவையும் இரயில் திரும்பி வந்தது. எதனாலே? மண் கரை இருந்தது, பாலம் கட்டிய இடம் இருந்தது, பாதைக்கான தடம் இருந்தது. தடம் இருந்ததால் மறுபடி பாதை போட முடிந்தது.

இப்போ தருமபுரிப் பக்கம் வாங்க. 1876-78 பெரும் பஞ்சத்தில் தானியம் கொண்டுபோக வழியில்லாமல் ஜனங்கள் செத்த பிறகு, வறண்ட பகுதிகளுக்குப் பஞ்சப் பாதுகாப்பு இரயில் போட வேண்டும் என்று 1880இல் பஞ்சக் கமிஷன் சொன்னது. அந்த வகையில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் இரண்டரை அடி அகலத்தில் சின்னப் பாதை போட்டார்கள். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இந்தப் பாதையும் 1941இல் நின்றுபோய், தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். பிற்காலத்தில் சேலம்-பெங்களூர்ப் பாதை தருமபுரி வழியாக வந்தது வாஸ்தவம். ஆனால் மொரப்பூர் இணைப்பு திரும்பவில்லை. மறுபடி போட வேண்டும் என்று மக்கள் பல பத்தாண்டுகள் கேட்டு, இந்த நூற்றாண்டில் திட்டம் ஒப்புதலானபோது, ஊர்களை ஒட்டிப் பழைய தடத்தில் வீடும் கட்டடமும் எழும்பியிருந்தன. அங்கெல்லாம் வேறு வழி பார்த்து நிலம் எடுக்க வேண்டியதாயிற்று. நம்ம ஜனங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஓடாத இரயிலுக்கு எத்தனை வருஷம் இடம் விட்டு வைப்பார்கள்?

இதில் உழவர்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறதுங்க. ஏரிக்கு வருகிற வரத்துக் கால்வாயும், கழனிக்குப் போகிற வண்டிப் பாதையும் இதே மாதிரிதான். நாலு வருஷம் தண்ணீர் வரவில்லை என்று கால்வாயை உழுதுவிட்டால், ஐந்தாம் வருஷ மழைக்கு ஏரி நிரம்ப வழியில்லை. மதகுக் கதவை எப்போது வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். தடத்தை விலைக்கு வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. கிராமக் கணக்கில் இருக்கிற கால்வாயையும் பாதையையும் ஊரோடு சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது செதுக்கி வையுங்கள்.

பழைய தண்டவாளம் வாங்குகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. ஒன்று, ஏலம் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்குங்கள். திருட்டு இரயில்வே சாமான் கையில் இருந்தாலே 1966ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். இரண்டு, கிணற்று விட்டத்துக்குப் போடுவதானால் போல்ட் துளை உள்ள முனையை வெட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் துளையைச் சுற்றித்தான் வரும். மூன்று, சாதாரண வெல்டிங் வைத்துப் பாரம் தொங்கவிடாதீர்கள். கரிச்சத்து அதிகமான இரும்பு வெல்டிங் வைத்த இடத்தில் திடீரென்று விட்டுவிடும். கிளாம்ப் போட்டு போல்ட் முறுக்குவதே நல்லது.