தலைக்காயத்துக்கு இழப்பீடு கணக்கிடுவது எப்படி? சதவீதத்தைத் தாண்டிப் பார்க்கும் சட்டம்

கொல்கத்தா: கொல்கத்தாவின் கிடர்பூர் பகுதி, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் இடமாகும். நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்த ஓட்டுநர்களும் சுமைப் பணியாளர்களும் இங்கு வந்து செல்கின்றனர். இத்தகைய இடத்தில் நிகழும் விபத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டால், அவருக்கு உரிய இழப்பீடு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

எங்கு முறையிடுவது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-வது பிரிவின் கீழ், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். கிடர்பூரில் விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள அலிப்பூரில் வழக்குத் தொடரலாம். அது கட்டாயமல்ல. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்தில் உள்ள தீர்ப்பாயத்தையும் அணுகலாம். எனவே, நாமக்கல்லைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் கொல்கத்தாவில் காயமடைந்தாலும் சொந்த மாவட்டத்திலேயே மனு அளிக்க இயலும்.

தலைக்காயத்தால் முடிவெடுக்கும் திறனை இழந்தவர் சார்பில் குடும்பத்தினர் ஒருவர் நீதிமன்ற அனுமதியுடன் வழக்கை நடத்தலாம். பணியின்போது காயமடைந்தவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. ஆனால், ஒரே காயத்துக்கு இரு வழிகளிலும் இழப்பீடு பெற முடியாது. ஏதேனும் ஒன்றையே தேர்வு செய்ய வேண்டும்.

எவற்றுக்கெல்லாம் இழப்பீடு?

உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு இதற்கு அடிப்படையாக உள்ளது. சிகிச்சை, போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றுக்கான செலவு. சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம். நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் இழக்கும் வருமானம். எதிர்கால மருத்துவச் செலவு ஆகியவை பண இழப்புகளாகும். வலி, வேதனை, வாழ்வின் இயல்பான இன்பங்களை இழத்தல், திருமண வாய்ப்பு இழப்பு, ஆயுள் குறைதல் ஆகியவை பணமல்லாத இழப்புகளாகும்.

சதவீதம் மட்டும் போதாது

மருத்துவர் சான்றளிக்கும் ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ ஏறக்குறைய முழு வருமானத்தையும் இழக்கக்கூடும். அதே ஊனம் கொண்ட அலுவலக எழுத்தர் பணியில் தொடரக்கூடும்.

தலைக்காயத்தில் இந்த வேறுபாடு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. கை, கால்கள் நன்றாக இருந்தும் நினைவாற்றல், கவனம், பேச்சு, கோபத்தைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியவை பாதிக்கப்படலாம். வலிப்பு நோயும் தொடரலாம். கிரேன் இயக்குபவருக்கோ லாரி ஓட்டுநருக்கோ ஒருமுறை வலிப்பு வந்தாலே தொழிலை இழக்கும் நிலை ஏற்படலாம்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது பதிவாகும் கிளாஸ்கோ சுயநினைவு மதிப்பெண் 3 முதல் 15 வரை அமையும். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை மிதமானது, 8 மற்றும் அதற்குக் கீழ் கடுமையானது என வகைப்படுத்தப்படுகிறது. இம்மதிப்பெண் காயத்தின் தொடக்க நிலையை மட்டுமே காட்டும். பின்னாளில் எஞ்சும் பாதிப்பை நிரூபிக்க நரம்பியல் மருத்துவரின் சாட்சியமும் நினைவாற்றல், அறிதிறன் பரிசோதனை அறிக்கைகளும் தேவைப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாதம் ரூ.12,000 ஈட்டும் 30 வயது சுமைப் பணியாளர் ஒருவரைக் கொள்வோம். நிரந்தரப் பணியில் இல்லாத, 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. இதன்படி மாத வருமானம் ரூ.16,800, ஆண்டு வருமானம் ரூ.2,01,600 ஆகும். 26 முதல் 30 வயது வரையிலானவர்களுக்கான பெருக்கல் எண் 17. எனவே முழு வருமான இழப்பு ரூ.34,27,200.

மருத்துவச் சான்றின் 30 சதவீதத்தை அப்படியே ஏற்றால் கிடைப்பது ரூ.10,28,160. அவரது தொழிலைக் கருதி வருமான இழப்பை 60 சதவீதம் எனத் தீர்ப்பாயம் மதிப்பிட்டால் ரூ.20,56,320 கிடைக்கும். சிகிச்சைச் செலவு, வலி, வேதனைக்கான தொகை ஆகியவை இதற்கு மேல் சேரும்.

சிறுமி வழக்கில் ரூ.62.27 லட்சம்

2007-இல் பெற்றோருடன் டிராக்டரில் சென்ற 12 வயது சிறுமிக்கு, லாரி மோதியதில் மூளையில் கடும் காயம் ஏற்பட்டது. அவர் வாழ்நாள் முழுவதும் 9 மாதக் குழந்தையின் மனநிலையிலேயே இருப்பார் என மருத்துவ ஆதாரங்கள் தெரிவித்தன. தீர்ப்பாயம் சுமார் ரூ.11 லட்சமும் உயர் நீதிமன்றம் சுமார் ரூ.25.8 லட்சமும் வழங்கின. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதை ரூ.62.27 லட்சமாக உயர்த்தி, 7.5 சதவீத வட்டியும் வழங்க உத்தரவிட்டது.

இதில் பராமரிப்புப் பணியாளர்களுக்கான தொகை மட்டும் ரூ.21.6 லட்சம். மாதம் ரூ.5,000 வீதம் இருவருக்கு, 18 என்ற பெருக்கல் எண் கொண்டு இது கணக்கிடப்பட்டது. தலைக்காய வழக்குகளில் தாயோ மனைவியோ செய்யும் பராமரிப்பு பெரும்பாலும் மனுவில் இடம்பெறாமல் போய்விடுகிறது. அதைத் தனித் தலைப்பாகக் கோருவதன் அவசியத்தை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

தலைக்கவசம் அணியாவிட்டால்?

தலைக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயம். எனினும், விதிமீறல் மட்டுமே இழப்பீட்டைக் குறைக்கப் போதுமானதல்ல. ஒரே இருசக்கர வாகனத்தில் மூவர் சென்ற வழக்கில் 2020-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அம்மீறலுக்கும் விபத்துக்கும் அல்லது காயத்தின் தன்மைக்கும் தொடர்பு இருப்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்று கூறியது.

கால வரம்பு

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நிகழ்ந்த 6 மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. இதை எதிர்த்த வழக்குகளில், காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆயினும், காத்திருக்காமல் உரிய காலத்துக்குள் மனு அளிப்பதே பாதுகாப்பானது.

முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள், வருமானச் சான்று, ஊனச் சான்று ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பாதுகாத்து வைக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் முடிவில் திருப்தி இல்லையெனில் 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.