புண்பட்ட புள்ளின் ஊன்: எண்ணூர்க் கழியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

புலால் என்பது பிறிதோர் உயிரின் புண்ணே என்பது புலான்மறுத்தல் அதிகாரத்துத் திருவள்ளுவர் கருத்து. அதன்படி நோக்கின், புண்பட்ட ஊன், புண்படாத ஊன் என்னும் பாகுபாட்டிற்கே இடமில்லை. ஆயின் ஊனுண்டு வாழ்ந்த மக்களிடை அப்பாகுபாடு என்றும் இருந்து வந்துள்ளது. முன்னரே அடிபட்டு உயிர்தப்பிய காட்டுப்பறவை பின்னர் வேடன் கைப்படுமாயின் அதனை உண்ணலாமா, தள்ளல் வேண்டுமா என்பது அவர்தம் வினா. இதற்கு மருத்துவ நூல்களும் சமய நூல்களும் தந்த விடைகளையும், சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர், பழவேற்காட்டு நீர்ப்பரப்புகளில் அவை பெறும் பொருளையும் ஈண்டு ஆராய்வாம்.

குறும்பூழ் எனப்படும் காடையின் ஊனை நெய்யிற் சமைத்துண்டமைக்குக் குறுந்தொகையிற் சான்றுண்டு. வலையும் கண்ணியும், பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி இனத்தை ஈர்க்கும் ‘பார்வை’யும் பழைய வேட்டைக் கருவிகளாம். இவற்றில் அகப்பட்ட புள் உயிருடன் கைக்கு வரும். அதன் நலந்தீங்கை நேரே கண்டு தேர்தல் எளிது. அம்பும் கவணும் புகுந்த இடத்திலேயே ஐயம் பிறக்கின்றது.

இவ்வையத்தை வகைப்படுத்தி விடை கூறியோர் மருத்துவ நூலாரே. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் 46ஆம் அதிகாரம், உலர்ந்ததும் அழுகியதும் நோயுற்றதும் நஞ்சாலும் பாம்பாலும் இறந்ததும் நஞ்சு தோய்த்த அம்பு தைத்ததும் முதிர்ந்ததும் மெலிந்ததும் மிக இளையதும் தனக்கு ஒவ்வாத இரை மேய்ந்ததும் ஆகியவற்றின் ஊனை விலக்குகின்றது. சரக சங்கிதையும் தன் 27ஆம் அதிகாரத்தில் இதனையொத்த பட்டியல் தந்து, கொடுவிலங்கு கொன்றதையும் உடன் சேர்க்கின்றது. இங்கு ஒன்று கருதத்தக்கது. புண் என்ற அளவில் இந்நூல்கள் எதனையும் விலக்கவில்லை. புண்வழியே உட்புகுந்தது யாது, புண்பட்டபின் உடல் எந்நிலை எய்தியது, எதனைத் தின்று வளர்ந்தது என்னும் மூன்றையுமே வினவுகின்றன.

இசுலாமிய நெறி வேறொரு வாயிலாக இதனை அணுகுகின்றது. அடிபட்டதும் வீழ்ந்ததும் விலங்கு கடித்ததும் ஆகிய உயிர், இறக்குமுன் முறைப்படி அறுக்கப்பட்டாலன்றி ஆகாது என்பது திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் ஆணை. எய்யப்பட்ட பறவை நீரில் வீழ்ந்து இறந்து கிடப்பின் உண்ணலாகாது. அதனைக் கொன்றது அம்போ நீரோ என்று அறியவியலாது என நபிமொழி காரணமும் கூறுகின்றது. கழியிலும் ஏரியிலும் வாத்து வேட்டையாடுவார்க்கு இதனினும் நேரான விதி வேறில்லை. பழவேற்காட்டில் நெடுங்காலமாக முசுலிம் மக்கள் வாழ்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனித் துப்பாக்கிக் காலத்திற்கு வருவோம். சென்னையையும் எண்ணூரையும் இணைத்துக் காக்கிரேன் 1806இல் தோற்றுவித்த கால்வாய், பின்னர் நீட்டப்பெற்று 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அக்கால்வாய் சென்றடையும் பழவேற்காட்டு நீர்ப்பரப்பு, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலிய வலசைப் பறவைகள் வடபுலத்தினின்று பனிக்காலத்தில் வந்து தங்கும் இடம். ஆங்கிலேயர் இந்நாட்டில் வாத்தையும் உள்ளானையும் சுட்டு மகிழ்ந்தமை யாவரும் அறிந்ததே. அவர் துப்பாக்கி ஒரு வெடியிற் பல சிறு காரீய ரவைகளை வீசுவது. குறிதவறிய ரவை சில, பறவையைக் கொல்லாது தசையிற் பதியும், புண் ஆறும், ரவை உள்ளே தங்கும். பிரித்தானியாவிற் பனிக்காலம் கழிக்கும் பெவிக்கு அன்னங்களை ஊடுகதிர்ப் படம் எடுத்து நோக்கியபோது, உயிருள்ளவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு ரவை சுமந்தமை தெரியவந்தது. ஆகவே ஒரு நாட்டிற் பட்ட புண்ணைப் பறவை பிறிதொரு நாட்டிற்குச் சுமந்து செல்லக்கூடும்.

நஞ்சு தோய்த்த அம்பு வழக்கொழிந்தமையின் சுசுருதர் விதியும் பயனிழந்தது எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. காரீயம் நஞ்சு; வெப்பத்தால் அழியாதது. ஆறிய புண்ணின் தசை பார்வைக்குத் தூயதாயினும், உள்ளே கிடக்கும் ரவையும் சிதறிய நுண்துகளும் உண்பார் வயிற்றுக்குச் செல்லும். காடை ஊனை ரவையோடு காடியிற் சமைப்பின் காரீயம் மிகுதியாகக் கரைந்து கலக்கும் என்பது 2007இல் இசுப்பானிய அறிஞர் கண்ட முடிவு. புளிக்குழம்பிற்கும் இது பொருந்தும் என்று கொள்ளலாம். மெலிந்தது ஆகாது என்ற விதியும் இங்ஙனமே. வாத்தினம் இரையரைக்கச் சிறு கற்களை விழுங்குவது. சேற்றிற் கிடக்கும் ரவையைக் கல்லென விழுங்கி, நாளடைவில் உடல் வற்றி, நெஞ்செலும்பு துருத்தி நிற்கும். புறத்தே புண் ஒன்றும் இராது. நீர்ப்பறவை வேட்டையிற் காரீய ரவையை அமெரிக்க ஐக்கிய நாடு 1991இலும், ஈரநில வேட்டையில் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலும் விலக்கின.

நம் நாட்டிற் சட்டம் இவ்வினாவைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சிறுவேட்டைக்கு உரிமம் அளிக்க இடந்தந்திருந்தது. 1991இன் திருத்தம் அதனையும் நீக்கியது. இன்று இவ்வலசைப் பறவைகளைக் கொல்லலும் உண்ணலும் குற்றமாம்.

எனினும் சுசுருதர் பட்டியலின் இறுதிச் சொல்லை விட்டுச்செல்ல இயலவில்லை. ஒவ்வாத இரை மேய்ந்தது என அவர் கூறியபோது, தன் நிலம் விட்டு வேற்றிடம் சென்று மேய்ந்த உயிரையே கருதியிருத்தல் கூடும். எண்ணூரில் நிகழ்ந்தது மறுதலை. பறவை தன் கழியிலேயே நின்றது, கழி மாறிற்று. கொற்றலையாறு கடலொடு கலக்கும் அவ்விடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாகப் படிந்துள்ளது. 2023 டிசம்பர்ப் புயல்வெள்ளத்தின்போது மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்தினின்று பரவிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழியை அடைந்து கூழைக்கடாக்களின் இறகிற் படிந்தது. அதே நீரில் மீனும் இறாலும் பிடிப்போர் எண்ணூர்க் குப்பத்து மக்கள். பறவைக்கென எழுதப்பட்ட அவ்விதியை அம்மீனுக்கும் உரியதாக்கி நோக்குதலே தக்கது என்பது எம் கருத்து.