கொட்டாங்குச்சியும் மேசையும்: லாஸ்பேட்டையில் ஒரு சயாம் சாப்பாடு

லாஸ்பேட்டையில் ஒரு சின்னத் தாய்லாந்து சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தோம். ஆறு மேசைதான் இருக்கும். மகளுக்கு முதல் சம்பளம் வந்திருந்தது. "ஆயாவையும் கூட்டிட்டு வாங்கப்பா" என்றாள். எங்க அத்தைக்கு வயசு தொண்ணூறைத் தொடப்போகிறது. கைத்தாங்கலாக அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தோம். பரிமாறுகிற பையன் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தான். அத்தை அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எல்லாருக்கும் வெக்கிற தம்ளர்தானாடா?" என்று என்னிடம் கேட்டாள். மகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தோசை எந்த ஊரில் பிறந்தது, காப்பி எப்போது வந்தது என்று எழுதுகிறார்கள். யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் வெளியே குந்தினார்கள் என்பதை எழுதுவதில்லை. அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

அப்பாவும் அத்தையும் பிறந்தது விழுப்புரம் பக்கத்தில் ஒரு சேரி. ஊர்த் தெரு டீக்கடையில் சேரிக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி. கூரை எரவாணத்தில் செருகி வைத்திருப்பார்கள். அவரவரே எடுத்துக் கழுவி, தரையில் குந்தி, ஏந்த வேண்டும். கடைக்காரர் கை படாமல் மேலே இருந்து ஊற்றுவார். பிறகு அலுமினியக் குவளை வந்தது. ஊருக்குக் கண்ணாடி, சேரிக்கு அலுமினியம். அப்பா சொல்லுவார்: "டீயும் ஒண்ணுதான், காசும் ஒண்ணுதான். ஏனந்தான் வேற." இரட்டைக் குவளை முறை என்று இன்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

நகரத்தில் இதுவே வேறு வடிவத்தில் இருந்தது. சென்னை மாகாணத்து ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். சுயமரியாதை இயக்கத்தார் தொடர்ந்து எதிர்த்ததில் 1941இல் அது ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல் 1958இல் அகன்றது. பெரிய போராட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பலகையில் எழுதியிருப்பதைத்தான் அழிக்க முடியும். எரவாணத்துக் கொட்டாங்குச்சிக்கு மேலே எந்தப் பலகையும் தொங்கவில்லை. அதை வைத்திருந்தவர்கள் பார்ப்பனர்களும் இல்லை.

இந்த இடத்தில்தான் அம்பேத்கர் நமக்கு வருகிறார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே அங்கே நுழைவதைத் தடுக்கக்கூடாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைத் தொடர்ந்து வந்த 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒருபடி இறங்கி, பொது உணவகத்தில் வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம் என்று தண்டனையும் சொன்னது. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. ஒரு நாட்டின் சட்டம் தம்ளரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றால் அந்த நாடு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் வந்தபோது அத்தை சின்னப் பெண். கடைசி வரைக்கும் அந்தக் கடையில் அவள் கண்ணாடித் தம்ளரில் குடித்ததில்லை.

"அது இங்கிலீசுக்காரன் சீமை, புதுச்சேரி அப்படி இல்ல" என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரன் சமத்துவம் கொண்டுவந்தான் என்பது இங்கே பலருக்குப் பெருமை. லாஸ்பேட்டை என்ற பேரே லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு கவர்னரின் பேரில் வந்ததுதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள். 1745இல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். அந்தச் சுவரை எடுத்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். அப்போது கவர்னர் துய்ப்ளே. ஏசுவின் பந்தியிலேயே சுவர் என்றால் டீக்கடையில் கேட்பானேன்.

அதே காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் நின்றது யார்? மாட்டுக்கறி சமைக்க சாதி இந்துக்கள் வரமாட்டார்கள். ஆகவே சமையல்காரர்களும் பட்லர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. புதுச்சேரியில் அடுப்படிக்கு இன்றும் வயசானவர்கள் 'குசினி' என்பார்கள். போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். குசினிக்காரர் சமைத்ததைத் துரை சாப்பிட்டான், துரையின் விருந்தாளியும் சாப்பிட்டான். அதே குசினிக்காரர் ஊருக்குப் போனால் கொட்டாங்குச்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எழுத விட்டார்களா என்ன?

இந்த நிலையிலிருந்து தப்ப ஒரு வாசல் 1881இல் திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. சாதி, மத வழக்கப்படியான உரிமையியல் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம், அப்படித் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. இதை முன்னின்று நடத்தியவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியர் போலப் பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடியவர். லாபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். வாசற்கதவு என்று பொருள். மேல்சாதிக்காரர்கள் அந்தக் கதவு வழியாக அதிகம் வரவில்லை. வந்தவர்களில் மிகுதி தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும். சாதி இந்துத் தலைவர்கள் இவர்களை எதிர்த்து நின்றார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலில் இவர்களுக்கென்று மூன்றாவதாக ஒரு பட்டியலே தனியாக உண்டானது. எந்தப் பெயர் மாறினாலும் தனிப் பந்திதான்.

இப்படிப் பெயர் மாற்றியவர்களில் பலர் கப்பலேறி சைகோன் போனார்கள். குமாஸ்தா, காவல், வரி வசூல், பட்டாளம். ஐரோப்பியனுக்குத் தருகிற சம்பளத்தை எங்களுக்கும் தா என்று அங்கே சண்டை போட்டார்கள். அங்கே அவர்கள் வேலை செய்தது வியட்நாம் மக்களை அடக்கி ஆண்ட ஒரு அரசுக்கு. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்டவன் இன்னொருத்தன் தோளில் ஏறி நின்று மூச்சு விட்ட கதை அது. 1954இல் பிரெஞ்சுக்காரன் அங்கே தோற்ற பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் புதுச்சேரிக்கு 'நெம்' கொண்டுவந்தன. அரிசித் தாளில் கறியைச் சுருட்டிப் பொரிப்பது. சொல்தா வீடுகளில் கிறிஸ்துமசுக்கு இன்றும் செய்கிறார்கள். ஆக, லாஸ்பேட்டையில் ஒரு தாய்லாந்து கடை இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் கடல் வழி நமக்குப் பழைய வழி.

அந்த வழியில் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. அத்தை தன் அப்பாவைப் பார்த்ததில்லை. அவள் வயிற்றில் இருக்கும்போதே அவர் கங்காணியோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார். கூலி ஆட்கள் அங்கே போவதை இந்திய அரசு 1938 சூனில் தடுத்தது. அதற்குச் சற்று முன்னால் போனவர் அவர். தோட்டங்களுக்குப் போனவர்களில் பறையர்களும் பள்ளர்களும் ஏராளம். 1941 டிசம்பரில் சப்பான் படை மலாயாவில் இறங்கியது. கடுதாசி நின்றது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருத்தர் சொன்ன ஒரே சேதி: "சயாம் ரோட்டுக்குப் புடிச்சிக்கினு போயிட்டாங்க."

சயாம் மரண ரயில் என்கிறோமே, அதுதான். பர்மாவுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப சப்பானியர் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு டாலர் கூலி, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். வராதவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலோர் தமிழர். சாப்பாடு கொஞ்சம் சோறு, கொஞ்சம் கருவாடு. 1943 மழைக் காலத்தில் காலரா. வெள்ளைக்காரக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரில் 12,000க்கு மேல் செத்தார்கள். அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பேர்ப் பட்டியல் இருந்தது. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். நம்மவர்களுக்குப் பட்டியல் இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரர்களுக்கு வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகள். 1957இல் வந்த புகழ்பெற்ற ஆலிவுட் படமும் அவர்களுடைய கதைதான். தமிழர்களுக்குக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நட 2023 வரை ஆனது. அதையும் மலேசியத் தமிழர்கள் அலைந்து திரிந்து செய்தார்கள்.

மேசைக்கு வருவோம். மகள் 'பாட் தாய்' கேட்டாள். புளியும் வெல்லமும் மீன் சாறும் போட்டு வதக்கிய நூடுல்ஸ். சயாம் என்ற பேரை 1939இல் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சொங்க்ராம் என்ற ராணுவத் தலைவர்தான் இதை தேசிய உணவாகப் பரப்பினார் என்பார்கள். சப்பானோடு கைகோத்து, அந்தத் தண்டவாளத்தைத் தன் மண்ணில் போட விட்டதும் அவர் அரசுதான். 2002இல் தாய்லாந்து அரசு உலகம் முழுக்கத் தாய்லாந்து கடைகளைப் பெருக்கவென்றே ஒரு திட்டம் போட்டது. ஒரு அரசு நினைத்தால் ஒரு சோற்றுக்கு உலகம் முழுக்க மரியாதை வாங்கித் தர முடிகிறது. நம் சோற்றுக்கு அப்படி யார் வாங்கித் தந்தார்கள்? சென்னாங்குன்னித் தொவையல், கருவாட்டுக் கொழம்பு, மாட்டுக்கறி வறுவல். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் கேட்பது "நான்வெஜ்ஜா?" என்றுதான். தாய்லாந்துக்காரர்களின் 'நாம் பிளா' நெத்திலியை உப்பில் மாதக்கணக்காக ஊறவைத்து எடுக்கிற சாறு. 'கப்பி' என்பது நொதித்த இறாலை அரைத்த விழுது. நம் தெருவிலிருந்து வந்தால் நாற்றம். பீங்கான் தட்டில் வந்தால் மணம். மூக்கு ஒன்றுதான். சாதிதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அத்தை அந்தச் சூப்பை ஒரு கரண்டி குடித்தாள். "சென்னாங்குன்னி வாசன அடிக்குதுடா" என்றாள். "எந்த ஊருச் சோறு இது?" என்று கேட்டாள். மகள் "தாய்லாந்து ஆயா" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "சயாம்தான் அத்த" என்று சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. "எங்கப்பன் இதையாவது துன்னிருப்பானா?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு தண்ணீர்த் தம்ளரை எடுத்து முழுசாகக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு நோட்டை எடுத்து, தாத்தாவின் அப்பா பேர், ஊர், எந்தத் தோட்டம், யாரோடு போனார் என்று அத்தையிடம் கேட்டு எழுதினாள். தோட்டத்தின் பேர் மட்டும் அத்தைக்குத் தெரியவில்லை. வாசகர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தென்னாற்காடு, தஞ்சாவூர், திருச்சிச் சேரிகளில் இப்படி ஒரு பேர் இல்லாத குடும்பம் குறைவு. தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். சப்பான்காரனும் எழுதவில்லை, இங்கிலீசுக்காரனும் எழுதவில்லை, நம் ஊர்க்காரனும் எழுதமாட்டான்.