வென்டிலேட்டர் திரையில் 260: பாட்டியின் மூச்சை எப்படி அளக்கிறார்கள்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் கொழுந்து பறித்த உங்க பாட்டிக்குக் கடுமையான நிமோனியா என்று வைத்துக்கொள்வோம். ஐசியூவில் வென்டிலேட்டர் பொருத்தியிருக்கிறார்கள். திரையில் 260 என்று ஓர் எண். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவு அது, மில்லிலிட்டரில்.

கருவிக்கு நுரையீரல் தெரியாது. காற்று போகும் குழாயில் உள்ள சென்சார், அது எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று நொடிக்குப் பலமுறை அளக்கும். அந்த வேகத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டினால் கொள்ளளவு கிடைச்சிடும். உள்ளே 260 போய், வெளியே 200தான் வருகிறதென்றால் எங்கோ கசிகிறது.

சரி, ஏன் 260? உடல் எடையைப் பார்த்து வைப்பதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான். ஆள் குண்டானால் நுரையீரலும் சேர்ந்து பெரிதாகிவிடாதே! பெண்களுக்கான கணக்கு இது: சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 45.5-ஐக் கூட்டுங்கள். ஆண்களுக்கு 45.5-க்குப் பதில் 50. பாட்டியின் உயரம் 150 என்றால் 43.3 கிலோ வரும். கிலோவுக்கு 6 மில்லிலிட்டர், ஆக 260. தராசு 70 கிலோ காட்டினாலும் அதேதான். எடையை வைத்துப் போட்டால் 420 ஆகிவிடும்.

அந்த வித்தியாசம் சின்னதில்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் நுரையீரல் கடுமையாகப் பாதித்த 861 பேர் இருந்தார்கள். கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். 6 பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர். காற்று அதிகமானால் நன்றாக இருக்கும் பகுதியும் விரிந்து சேதமாகும். உயரம் குறைந்த பெண்களுக்குத்தான் இப்படிக் கூடுதலாகப் போவது அதிகம். படுத்திருப்பவரின் உயரத்தைக் கண்ணால் சொல்வது கஷ்டம், அளவுநாடா வேணும். தாதி உங்ககிட்ட உயரம் கேட்டால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் காற்று மிச்சமிருக்கும். அதை இந்த சென்சார் காட்டாது. ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, வெளியேறும் நைட்ரஜனை வைத்துக் கணக்கிடும் வசதி சில கருவிகளில் மட்டும் உண்டு.

மலையில் இன்னொரு சிக்கல். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அழுத்தம் மாறினால் அதே காற்று பிடிக்கும் இடமும் மாறும். சில வென்டிலேட்டர்கள் தானாகவே திருத்திக்கொள்ளும், சிலவற்றில் உயரத்தை நாமே பதிக்க வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஆம்புலன்ஸ் ஈப்போவுக்கு இறங்கும்போது, தொண்டைக்குள் போட்ட டியூபைச் சுற்றியுள்ள குட்டி பலூன் சுருங்கும். பக்கத்தில் காற்று கசியும், போவதும் வருவதும் ஒத்துப்போகாது. பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும், அதனால் இறங்கும் வழியிலேயே அதை அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.